கம்ப்யூட்டர் இல்லாமல் ஃபோர்ட் 300 எஞ்சினின் கார்புரேட்டரை ஓட்ட முடியுமா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கும் மற்றவர்களுக்கும் உதவும். வண்டி 1985 ஃபோர்ட் எஃப்-150. 300 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சின், அதன் மேல் கார்ட்டர் ஒய்எஃப்ஏ ஒற்றை பேரல் கார்புரேட்டர். முன்பு வைத்திருந்தவர் ஆக்ஸிஜன் சென்சார் வயரை வெட்டிவிட்டு, கார்புரேட்டரில் இருக்கும் சொலினாய்டின் (கரண்டால் திறந்து மூடும் சின்ன வால்வின்) பிளக்கையும் பிடுங்கி வைத்திருக்கிறார். ஸ்டார்ட் ஆகிறது, ஐட்லிங்கும் நிற்கிறது. ஆனால் சைலன்சர் வாயில் கரி, பெட்ரோல் தண்ணீராகப் போகிறது, மேட்டில் இழுவை இல்லை. கம்ப்யூட்டரை முழுசாகக் கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டர் போட்டால் சரியாகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சரியாகும். ஆனால் கார்புரேட்டரை மட்டும் மாற்றினால் ஆகாது. அந்த வண்டியில் கம்ப்யூட்டர் பார்ப்பது இரண்டு வேலை. ஒன்று பெட்ரோல்-காற்றுக் கலவை, இன்னொன்று ஸ்பார்க் டைமிங், அதாவது எந்த நேரத்தில் தீப்பொறி அடிப்பது என்பது. பெரும்பாலானவர்கள் முதல் வேலையை மட்டும் நினைத்துக்கொண்டு புது கார்புரேட்டர் வாங்கி மாட்டுகிறார்கள். பிறகு மாதக்கணக்கில் ஜெட் (பெட்ரோலை அளந்துவிடும் சின்னத் துளை) மாற்றுகிறார்கள், ஃப்ளோட் (பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவை) வளைக்கிறார்கள், வண்டி மட்டும் இழுக்கவே இழுக்காது. கோளாறு, ஸ்பார்க்கைச் சிலிண்டர்களுக்குப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டரில் இருக்கும்போது கார்புரேட்டரைத் திருகி என்ன பயன்? அதனால் கம்ப்யூட்டரை எடுப்பதென்றால் இரண்டு வேலையையும் அதன் கையிலிருந்து எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டையும் அதனிடமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். நடுவில் நின்றால் உங்கள் வண்டி இப்போது இருக்கும் நிலைதான்.

எஞ்சினைப் பற்றிப் பயம் வேண்டாம். 1965-இல் வந்த இந்த 300, 1996 வரை ஃபோர்ட் டிரக்குகளிலும் வேன்களிலும் ஓடியது. கிராங்குக்கு ஏழு மெயின் பேரிங், டைமிங்குக்குச் செயின் இல்லாமல் நேரடியாகப் பல் சக்கரம். கம்ப்யூட்டரோடு கார்புரேட்டர் சேர்ந்து வந்தது 1984 முதல் 1986 வரைதான். 1987-இல் ஃபியூயல் இன்ஜெக்ஷன் வந்துவிட்டது. அதற்கு முன் ஏறக்குறைய இருபது வருடம் இதே எஞ்சின் கம்ப்யூட்டர் என்ற பேச்சே இல்லாமல் பாரம் இழுத்தது. நீங்கள் செய்யப்போவது புது வித்தை இல்லை, 1984-க்கு முன்பிருந்த அமைப்புக்குத் திரும்புவது. தேவையான பாகங்களெல்லாம் அந்தக் காலத்து வண்டிகளிலேயே இருந்தவை என்பதால் பொருத்தமும் பிரச்சினை இல்லை.

அப்படியென்றால் கம்ப்யூட்டரை ஏன் வைத்தார்கள்? மூன்று வகை நச்சுப் புகையையும் ஒரே நேரத்தில் குறைக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் நன்றாக வேலை செய்ய, ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற அளவை ஒட்டியே கலவை இருக்க வேண்டும். சாதாரண கார்புரேட்டரால் அவ்வளவு துல்லியமாக நிற்க முடியாது. வெயில், குளிர், ஏர் ஃபில்டரில் தூசி என்று ஏதாவது ஒன்று அதை இங்கும் அங்கும் தள்ளிவிடும். எனவே எக்ஸாஸ்டில் ஆக்ஸிஜன் சென்சார் ஒன்றை வைத்தார்கள். கலவை ரிச்சாக (பெட்ரோல் அதிகமாக) இருந்தால் அது 0.45 வோல்ட்டுக்கு மேலே காட்டும், லீனாக (காற்று அதிகமாக) இருந்தால் கீழே காட்டும். அதைப் பார்த்து கம்ப்யூட்டர் கார்புரேட்டரில் உள்ள சொலினாய்டை விநாடிக்குப் பல முறை திறந்து மூடும். சொலினாய்டு திறக்கும்போது ஜெட் வழியே ஏறும் பெட்ரோலில் கூடுதல் காற்று கலந்து கலவை லீனாகும்.

இங்கேதான் உங்கள் கரிப் புகைக்குக் காரணம் இருக்கிறது. சொலினாய்டுக்குக் கரண்ட் வராவிட்டால் அந்தக் காற்று வழி மூடியே கிடக்கும். இந்த கார்புரேட்டரை ஃபேக்டரியிலேயே கொஞ்சம் ரிச்சாக அமைத்து, கம்ப்யூட்டர் லீனாக்கிக்கொள்ளும் என்று விட்டிருக்கிறார்கள். லீனாக்க ஆள் இல்லாததால் எப்போதும் ரிச். எஞ்சின் உடனே கெட்டுவிடாது என்பதால் முன்னவர் கவலைப்படாமல் ஓட்டியிருப்பார். ஆனால் பிளக்கில் கரி படியும், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி ஆயிலை நீர்க்கச் செய்யும், கன்வர்ட்டர் சூடேறி உள்ளே உருகி அடைத்துக்கொள்ளும். மூன்றாவதை மறந்துவிடாதீர்கள், கீழே திரும்ப வருகிறேன்.

இப்போது டைமிங். பழைய டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஸ்பிரிங் மாட்டிய எடைகள் இருக்கும். வேகம் கூடக் கூட அவை வெளிப்பக்கம் விரிந்து ஸ்பார்க்கை முன்னால் தள்ளும். பக்கவாட்டில், எஞ்சினின் உறிஞ்சலால் (வேக்குவம்) இயங்கும் ஒரு வேக்குவம் டப்பாவும் இருக்கும். ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்துச் சமதரையில் போகும்போது அது இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளும். உங்கள் 1985 டிஸ்ட்ரிபியூட்டரில் இரண்டுமே கிடையாது. உள்ளே ஒரு ஹால் சென்சார், பக்கத்தில் ஒட்டியபடி டிஎஃப்ஐ என்ற சாம்பல் நிற மாட்யூல், அவ்வளவுதான். சென்சார் சிக்னல் கம்ப்யூட்டருக்குப் போகும், எப்போது ஸ்பார்க் வேண்டும் என்று கணக்குப் போட்டு கம்ப்யூட்டர் ஒரு சிக்னலைத் திருப்பி அனுப்பும். அந்த வயரின் பெயர் ஸ்பவுட். திரும்பும் சிக்னல் வராவிட்டால் மாட்யூல் தன் போக்கில் 10 டிகிரியிலேயே (பிஸ்டன் உச்சிக்கு வர கிராங்க் இன்னும் 10 டிகிரி சுற்ற வேண்டியிருக்கும்போது) ஸ்பார்க் அடித்துக்கொண்டிருக்கும். ஐட்லிங்கில் அது தெரியாது. 2500 ஆர்பிஎம்மில் இந்த எஞ்சினுக்கு 30 டிகிரியை ஒட்டி வேண்டும், கிடைப்பது 10. பிஸ்டன் பாதி தூரம் இறங்கிய பிறகும் பெட்ரோல் எரிந்துகொண்டிருக்கும், சூடெல்லாம் எக்ஸாஸ்டில் போகும், வண்டி இழுக்காது.

அதனால் எதையும் வாங்குவதற்கு முன் டைமிங் லைட்டைக் கையில் எடுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்து ஒயரிங்கில் ஸ்பவுட் வயருக்கு ஒரு சின்ன கனெக்டர் இருக்கும். அதைக் கழற்றி, எஞ்சின் சூடான பிறகு ஐட்லிங்கில் டைமிங் பாருங்கள். 10 டிகிரியைச் சுற்றி நிற்க வேண்டும். கனெக்டரைத் திரும்ப மாட்டி ஆக்ஸிலரேட்டரை ஏற்றுங்கள். டைமிங் லைட்டில் தெரியும் குறி நன்றாக முன்னால் நகர்ந்தால் கம்ப்யூட்டர் உயிரோடு இருக்கிறது, டைமிங்கை அதுதான் பார்த்துக்கொள்கிறது, உங்கள் தொல்லை கலவையில்தான். அசையாமல் நின்றால் இரண்டும் போய்விட்டது என்று அர்த்தம். இந்த ஒரு சோதனை ஐந்து நிமிடம்தான், உங்கள் முடிவில் பாதி இதிலேயே தெளிவாகிவிடும்.

அடுத்தது கன்வர்ட்டர். ஆக்ஸிஜன் சென்சாரைக் கழற்றி, அந்தத் துளையில் ஒரு பிரஷர் கேஜ் மாட்டுங்கள். 2500 ஆர்பிஎம்மில் 3 பிஎஸ்ஐக்கு மேல் போனால் எக்ஸாஸ்ட் அடைத்திருக்கிறது. வருடக்கணக்கில் ரிச்சாக ஓடிய வண்டியில் இதைப் பார்க்காமல் இருக்கவே கூடாது. அடைத்த கன்வர்ட்டரை வைத்துக்கொண்டு உலகத்திலேயே நல்ல கார்புரேட்டரைப் போட்டாலும் மேட்டில் இழுக்காது.

சட்டத்தையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், செலவு செய்த பிறகு தெரிந்தால் வலிக்கும். அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டப்படி, ஃபேக்டரி பொருத்திய புகைக் கட்டுப்பாட்டு அமைப்பைக் கழற்றுவதும் செயலிழக்கச் செய்வதும் தடை. இது நாடு முழுவதுக்கும் பொருந்தும். அதைச் சோதித்துப் பார்ப்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவில் 1976 மாடல் முதல் பெட்ரோல் வண்டிகளுக்கு ஸ்மாக் சோதனை உண்டு, அதில் வண்டியின் புகையை மட்டுமல்ல, பாகங்களும் ஹோஸ்களும் அசல்படி இருக்கின்றனவா என்று கண்ணாலும் பார்ப்பார்கள். அங்கே இருந்தால் இந்த மாற்றத்தை நினைக்கவே வேண்டாம். வேறு பல மாநிலங்களில் இவ்வளவு பழைய வண்டிக்குச் சோதனையே கிடையாது. உங்கள் மாநில விதியைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

என் கருத்தைக் கேட்டால், ஒயரிங் பெரும்பாலும் முழுசாக இருக்கிறது, ஸ்பவுட் சோதனையில் டைமிங் நகர்கிறது என்றால், முதலில் பழைய அமைப்பையே உயிர்ப்பித்துப் பாருங்கள். வெட்டிய வயரை ஒட்டி, புது ஆக்ஸிஜன் சென்சார் போட்டு, சொலினாய்டு பிளக்கை மாட்டினால் பல வண்டிகள் அப்படியே சரியாகிவிடும். கம்ப்யூட்டர் தன் கோளாறுகளை இரண்டு இலக்க எண்ணாகச் சொல்லும். முள் உள்ள சாதாரண வோல்ட் மீட்டரைச் சோதனை கனெக்டரில் மாட்டினால் முள் அசைவதை எண்ணியே படித்துவிடலாம். 11 என்றால் எல்லாம் சரி. 41 என்றால் சென்சார் எப்போதும் லீன் என்கிறது, 42 என்றால் எப்போதும் ரிச் என்கிறது. 41 வந்தால் சென்சாரை வாங்க ஓடுவதற்கு முன் மேனிஃபோல்டில் காற்றுக் கசிவு இருக்கிறதா பாருங்கள். இந்த எஞ்சினில் இன்டேக், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு இரண்டும் ஒரே பக்கம், ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்திருக்கும். எக்ஸாஸ்டின் சூட்டில் விரிந்து சுருங்கி கேஸ்கெட் விட்டுவிடுவது சகஜம். இந்தக் கசிவை அடைக்காமல் எந்த கார்புரேட்டரையும் ட்யூன் பண்ண முடியாது, கம்ப்யூட்டர் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.

ஒயரிங் கண்டபடி வெட்டிக் கிடக்கிறது, சென்சார் பாதி காணோம் என்றால் மாற்றுவதுதான் நல்லது. அப்போதும் இக்னிஷனிலிருந்து தொடங்குங்கள், கார்புரேட்டரிலிருந்து அல்ல.

கம்ப்யூட்டருக்கு முந்தைய வண்டிகளில் இருந்த அமைப்புக்குப் பெயர் டுராஸ்பார்க் 2. அதற்கு வேண்டியவை: 300 எஞ்சினுக்கான எடைகளும் வேக்குவம் டப்பாவும் உள்ள டிஸ்ட்ரிபியூட்டர், வயர் நுழையும் இடத்தில் நீல ரப்பர் உள்ள மாட்யூல், உருளை வடிவ காயில், அவற்றை இணைக்கும் ஒயரிங். பழைய உதிரிபாகக் கடையில் 1970-களின் கடைசி, 1980-களின் தொடக்க எஃப்-சீரிஸ் ஆறு சிலிண்டர் வண்டி கிடைத்தால் ஒயரிங்கைப் பிளக்குகளோடு வெட்டி எடுத்துவாருங்கள். புதிதாகவும் கிடைக்கும், ஆனால் பிளக்குகள் சரியாக அமைவது பழையதில்தான்.

வயர்களின் நிறத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து மாட்யூலுக்கு மூன்று வயர்: ஆரஞ்சும் ஊதாவும் பிக்கப் காயிலுக்கு, கறுப்பு எர்த். மாட்யூலிலிருந்து பச்சை வயர் காயிலின் நெகட்டிவுக்கு. தனியாக இருக்கும் இரண்டு வயர் பிளக்கில் சிவப்பு, சாவி ஓடும் நிலையில் கரண்ட் கொடுக்கும். வெள்ளை, ஸ்டார்ட் அடிக்கும்போது மட்டும். காயிலின் பாசிட்டிவுக்குச் சாவியிலிருந்து நேராக 12 வோல்ட் கொடுக்கக்கூடாது. இடையில் 1.1 ஓம் அளவில் ரெசிஸ்டன்ஸ் வயர் இருக்க வேண்டும், இல்லையென்றால் காயிலும் மாட்யூலும் சூடாகிப் போய்விடும். ஸ்டார்ட் அடிக்கும் அந்தச் சில நொடிகளுக்கு மட்டும், ஃபெண்டர் பக்கம் இருக்கும் ஸ்டார்ட்டர் ரிலேயின் ஐ என்ற முனையிலிருந்து காயிலுக்கு முழு 12 வோல்ட் போகும்படி பைபாஸ் இருக்கும். டிஎஃப்ஐ காயிலுக்கு ரெசிஸ்டன்ஸ் வயர் கிடையாது என்பதால் உங்கள் வண்டியில் இருக்கும் கரண்ட் லைன் அப்படியே ஒத்துவராது.

ஆரஞ்சும் ஊதாவும் இடம் மாறிவிட்டால் எஞ்சின் ஓடவும் செய்யும், ஆனால் டைமிங் தாறுமாறாகத் தெரியும். கறுப்பு எர்த் வயரை நிறைய பேர் கவனிப்பதில்லை. மாட்யூலின் எர்த் டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பு வழியாகத்தான் போகிறது. அங்கே துரு இருந்தால் குளிரில் நன்றாக ஓடிவிட்டு, சூடானதும் ட்ராஃபிக் சிக்னலில் நின்றுவிடும், அரை மணி நேரம் ஆறிய பிறகு மறுபடி ஓடும். மாட்யூல் போய்விட்டது என்று நினைத்துப் பணத்தைச் செலவழிப்பார்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் அந்த வயரைப் பிடித்திருக்கும் ஸ்குரூவைக் கழற்றி, எமரித் தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி மாட்டுங்கள்.

டிஸ்ட்ரிபியூட்டரைத் தூக்கும் முன் முதல் சிலிண்டரின் பிஸ்டனை மேலே கொண்டுவந்து, ரோட்டர் பார்க்கும் திசையை எஞ்சின் பிளாக்கில் சாக்பீஸால் குறித்துவிடுங்கள். கீழே அதன் தண்டுதான் ஆயில் பம்பையும் சுற்றுகிறது. புதியதை இறக்கும்போது ஆயில் பம்பின் ஆறு பட்டை ராடில் உட்கார மறுத்தால் சுத்தியலால் தட்டாதீர்கள், சாவியால் ஸ்டார்ட்டரைக் கொஞ்சம் சுற்றவிட்டால் தானாக இறங்கும். ஃபயரிங் ஆர்டர் 1-5-3-6-2-4.

இப்போது கார்புரேட்டருக்கு வரலாம். கம்ப்யூட்டர் சொலினாய்டு இல்லாத ஒய்எஃப் அல்லது ஒய்எஃப்ஏ, 1984-க்கு முந்தைய 300 எஞ்சினுக்கானது, இதுதான் என் தேர்வு. மேனிஃபோல்டில் அப்படியே உட்காரும், ஏர் ஃபில்டர் டப்பா பொருந்தும், ஆக்ஸிலரேட்டர் கேபிள் பொருந்தும். வெபர் இரண்டு பேரலும், நான்கு பேரல் போட மேனிஃபோல்டும் கிடைக்கிறது என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 300 கன அங்குலம், 4000 ஆர்பிஎம், முழுக் கொள்ளளவும் நிரம்பினாலே நிமிடத்துக்கு 347 கன அடி காற்றுதான் வேண்டும். நடைமுறையில் 80 சதவிகிதம் நிரம்பினால் 278. அதற்கு மேல் இந்த எஞ்சினை யாரும் சுற்றுவதில்லை. பெரிய கார்புரேட்டர் போட்டால் கீழ் வேகத்தில் காற்றோட்டம் மந்தமாகி, பெட்ரோல் சரியாகப் பொடிந்து கலக்காது. பாரம் இழுக்கத்தான் இந்த வண்டி என்றால் சின்ன ஒற்றை பேரலே அழகாக இழுக்கும்.

உங்களிடம் இருக்கும் கார்புரேட்டரையே சொலினாய்டை அடைத்துவிட்டு ஜெட் சின்னதாக்கி ஓட்டலாமே என்று சிலர் சொல்வார்கள். ஓடும். ஆனால் ஐட்லிங் வழி, மெயின் வழி இரண்டையும் அந்தச் சொலினாய்டுதான் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கெடும். அந்த வேலைக்கு ஆகும் நேரத்தில் பழைய ஒய்எஃப் ஒன்றை வாங்கிக் கழுவி ரிப்பேர் கிட் போட்டுவிடலாம்.

கிட் போடும்போது ஒரே ஒரு இடத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். ஒய்எஃப் கார்புரேட்டரில் ஒரு டயஃப்ரம் இரண்டு வேலை பார்க்கிறது. சட்டென்று மிதிக்கும்போது பெட்ரோலைப் பீய்ச்சும் பம்பும் அதுதான், ஜெட்டுக்குள் இறங்கி ஏறும் மீட்டரிங் ராடைத் தூக்குவதும் அதுதான். ஓட்டை விழுந்தால் பிக்கப்பும் போகும், கலவையும் போகும். புது டயஃப்ரம் போட்டபின் ராடைச் சரிசெய்ய வேண்டும். மேல் மூடியைத் திறந்து, ஐட்லிங் வேக ஸ்குரூவை முழுசாக வெளியே எடுத்துத் த்ராட்டில் தட்டை முற்றிலும் மூடவிடுங்கள். பிறகு டயஃப்ரத்தின் தண்டை விரலால் கீழே தட்டும் வரை அழுத்திப் பிடியுங்கள். அந்த நிலையில் மீட்டரிங் ராடும் சரியாக அடியைத் தொட வேண்டும். முன்னாலேயே தொட்டு நின்றாலும் தவறு, தொங்கிக்கொண்டிருந்தாலும் தவறு. தொங்கினால் எப்போதும் ரிச். புதிதாக கிட் போட்ட கார்புரேட்டர் கரி கக்கினால் நான் முதலில் திறந்து பார்ப்பது இதைத்தான். ஃப்ளோட் உயரத்துக்கு கிட்டோடு வரும் தாளில் உள்ள அளவைப் பின்பற்றுங்கள்.

சோக் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஃபோர்ட் தன் எலக்ட்ரிக் சோக்குக்குக் கரண்டை பேட்டரியிலிருந்து எடுக்கவில்லை, ஆல்டர்னேட்டரின் ஸ்டேட்டர் முனையிலிருந்து எடுத்தது. அங்கே 7 வோல்ட் அளவில்தான் வரும், அதுவும் எஞ்சின் ஓடினால் மட்டும். வெளிக்கம்பெனி கார்புரேட்டரின் 12 வோல்ட் சோக்கை அங்கே மாட்டினால் அது திறக்க யுகம் ஆகும், அதுவரை ரிச்சாகவே ஓடும். ஃபோர்ட் சோக்குக்கு 12 வோல்ட் கொடுத்தால் எஞ்சின் சூடாகும் முன்பே திறந்துவிடும், குளிர் காலையில் நின்று நின்று போகும்.

வேக்குவம் ஹோஸ்களில்தான் பலரும் களைத்துப்போகிறார்கள். கம்ப்யூட்டர் வண்டியில் சொலினாய்டுகள் திறந்து மூடிய வேக்குவத்தையெல்லாம் இப்போது பழைய முறையில் கொடுக்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்குவம் டப்பாவுக்கு கார்புரேட்டரின் த்ராட்டில் தட்டுக்கு மேலே உள்ள துளையிலிருந்து எடுங்கள். ஐட்லிங்கில் அங்கே வேக்குவம் இருக்காது, மிதித்ததும் வரும். பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் கரிக் குடுவையின் பர்ஜ் ஹோஸும் (அந்த ஆவியை எஞ்சினுக்கு இழுக்கும் ஹோஸ்) அதேபோன்ற துளைக்குப் போகலாம். ஃப்ளோட் அறையின் வென்ட் ஹோஸைக் குடுவையோடு மாட்டாமல் விட்டால் வெயிலில் நிறுத்திய வண்டியிலிருந்து பெட்ரோல் வாசனை வீட்டுக்குள் வரும், கராஜில் நெருப்பு ஆபத்தும் உண்டு.

ஈஜிஆர் வால்வைத் தகடு போட்டு அடைத்துவிடுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் வேண்டாம் என்பேன். எக்ஸாஸ்ட் வாயு கொஞ்சம் உள்ளே வருவதால் எரியும் சூடு தணிகிறது. வேக்குவம் டப்பாவின் அளவும் அதை நம்பித்தான் அமைந்திருக்கிறது. அடைத்துவிட்டு அதே டப்பாவை வைத்தால் நெடுஞ்சாலையில் லேசாக மிதித்துப் போகும்போது நாக்கிங் (எஞ்சினுக்குள் தட்டுகிற சத்தம்) வரும். பழைய வண்டியில் இருந்ததைப்போல, கூலன்ட் சூடான பிறகே வேக்குவத்தை விடும் ஸ்விட்ச் ஒன்றை இடையில் போட்டு, பழைய மாதிரி ஈஜிஆர் வால்வை ஓடவிடுங்கள். ஏர் பம்ப் இருந்தால் அதன் பைபாஸ் வால்வையும் கம்ப்யூட்டருக்கு முந்தைய வகைக்கு மாற்றுங்கள்.

கியர்பாக்ஸுக்கு இந்த வண்டியில் கம்ப்யூட்டர் தேவையில்லை, அது பெரிய நிம்மதி. ஆனால் ஏஓடி என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் இருந்தால் கார்புரேட்டரிலிருந்து அதற்குப் போகும் த்ராட்டில் வால்வு இணைப்பை மிகச் சரியாக அமைக்க வேண்டும். உள்ளே அழுத்தத்தைத் தீர்மானிப்பதே அதுதான், தளர்வாக விட்டால் கிளட்சுகள் வழுக்கி எரிந்துவிடும்.   

எல்லாம் மாட்டியாயிற்று என்றால் ட்யூனிங். முதலில் டைமிங். வேக்குவம் டப்பாவின் ஹோஸைக் கழற்றி அடைத்துவிட்டு, குறைந்த ஐட்லிங்கில் 10 டிகிரி வையுங்கள். பிறகு ஆர்பிஎம்மை 3000 வரை ஏற்றி, எடைகள் மட்டும் எவ்வளவு தள்ளுகின்றன என்று பாருங்கள். மொத்தம் 30-க்கும் 34-க்கும் நடுவில் வந்தால் நல்லது. அப்புறம் ஹோஸை மாட்டிச் சாலையில் ஒரு மேட்டில் மேல் கியரில் இழுக்கவிடுங்கள். நாக்கிங் சத்தம் கேட்டால் 2 டிகிரி பின்னால் வாருங்கள். பாரம் ஏற்றிப் போகிற வண்டியென்றால் காலி வண்டியில் கேட்காத சத்தம் பாரத்தில் கேட்கும், அதையும் சோதியுங்கள்.

கலவைக்கு, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு மேனிஃபோல்டில் வேக்குவம் கேஜ் மாட்டி ஐட்லிங் கலவை ஸ்குரூவைத் திருகுங்கள். முள் எவ்வளவு மேலே போகுமோ அங்கே கொண்டுவந்து, பிறகு முள் லேசாக இறங்கத் தொடங்கும் வரை ஸ்குரூவை உள்ளே திருகி விடுங்கள். நல்ல நிலையில் உள்ள 300 எஞ்சினில் 18 முதல் 20 பாதரச அங்குலம் வேக்குவம் நிற்கும். முள் துடித்துக்கொண்டே இருந்தால் ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங் அடிக்கிறது அல்லது எங்கோ காற்று கசிகிறது. அதைத் தேடுங்கள், ஸ்குரூவால் மறைக்காதீர்கள்.

மெயின் ஜெட்டுக்கு ஊகம் வேண்டாம். கம்ப்யூட்டரின் ஆக்ஸிஜன் சென்சார் உட்கார்ந்திருந்த அந்தத் துளை இருக்கிறதே, வைட்பேண்ட் சென்சாருக்கும் அதே 18 மில்லிமீட்டர் திரெட்தான். கலவையின் அளவை எண்ணாகக் காட்டும் ஒரு வைட்பேண்ட் மீட்டரை மாட்டிக்கொண்டு ஓட்டினால் ஒவ்வொரு நிலையிலும் கலவை எங்கே இருக்கிறது என்று டேஷ்போர்டிலேயே தெரியும். ஒரு பங்கு பெட்ரோலுக்கு இத்தனை பங்கு காற்று என்ற கணக்கில், ஐட்லிங்கில் 14-க்குக் கொஞ்சம் கீழே, சமதரையில் நிதானமாகப் போகும்போது 14 முதல் 15, முழுசாக மிதித்து மேடேறும்போது 12.5 முதல் 13. கடைசி எண் 14-க்கு மேல் போனால் உடனே ஜெட்டைப் பெரிதாக்குங்கள். பாரத்தில் லீனாக ஓடும் எஞ்சினில் வால்வும் பிஸ்டனும் தாங்காது.

இன்றைய பம்ப் பெட்ரோலில் 10 சதவிகிதம் வரை எத்தனால் கலந்திருப்பதால், 1980-களின் பெட்ரோலுக்கு அமைத்த ஜெட் இன்று 3 முதல் 4 சதவிகிதம் லீனாக ஓடும். அந்தக் காலத்து ஜெட் எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். எத்தனால் பழைய ரப்பரையும் தின்னும், ஆகவே பெட்ரோல் ஹோஸ், பம்ப் டயஃப்ரம், கார்புரேட்டர் கிட் எல்லாமே எத்தனால் தாங்கும் வகையாக வாங்குங்கள். உயரமும் ஒரு விஷயம். டென்வர் கடல் மட்டத்திலிருந்து 1600 மீட்டர் உயரம். கடற்கரை ஊரில் சரியாக ட்யூன் செய்த கார்புரேட்டர் அங்கே ரிச்சாக ஓடும். கம்ப்யூட்டர் இருந்தபோது தானாகவே சரிசெய்துகொண்டது, இனி மலைப் பகுதிக்கே குடிபோனால் ஜெட்டை நீங்கள்தான் சின்னதாக்க வேண்டும். போய்விட்டு வருவதற்கு மட்டும் என்றால் விட்டுவிடுங்கள், கொஞ்சம் கூடுதல் பெட்ரோல்தான் செலவு.

பழைய கம்ப்யூட்டர், டிஎஃப்ஐ டிஸ்ட்ரிபியூட்டர், சொலினாய்டு கார்புரேட்டர் எதையும் தூக்கி எறியாதீர்கள். ஒயரிங்கையும் வெட்டாமல் பிளக்கைக் கழற்றி, ஒவ்வொன்றிலும் எதற்கானது என்று சீட்டு ஒட்டி, ஃபயர்வால் ஓரமாகக் கட்டி வையுங்கள். சோதனை உள்ள மாநிலத்துக்கு வண்டி போனால் திரும்ப மாட்ட வேண்டியிருக்கும். முழுசாக இருக்கும் அசல் பாகங்களைத் தேடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஆயிலை மறக்காமல் மாற்றுங்கள். இத்தனை நாள் ரிச்சாக ஓடியதில் அதற்குள் பெட்ரோல் கலந்திருக்கும். டிப் ஸ்டிக்கை மோந்து பார்த்தாலே தெரியும். பிளக்குகளையும் புதிதாகப் போட்டு, 1.1 மில்லிமீட்டர் இடைவெளி வைத்து, சில நூறு மைல் ஓடிய பிறகு கழற்றிப் பாருங்கள். பீங்கான் வெளிர் பழுப்பாக இருந்தால் சரி. முதல் சிலிண்டரும் ஆறாவதும் நடுவில் உள்ளவற்றைவிடக் கொஞ்சம் வெளுத்திருந்தால் பயப்பட வேண்டாம், நீளமான மேனிஃபோல்டின் இரு கோடிகளுக்கும் கலவை சற்று லீனாகத்தான் போய்ச் சேரும். அந்த இரண்டையும் பார்த்து ஜெட்டை முடிவு செய்யுங்கள். ஸ்பவுட் சோதனையில் டைமிங் நகர்ந்ததா, எக்ஸாஸ்டில் பிரஷர் எவ்வளவு காட்டியது என்ற இரண்டையும் எழுதினால், உங்கள் வண்டிக்கு எந்த வழி நல்லது என்று இன்னும் திட்டமாகச் சொல்கிறேன்.